முதல் ஸ்டாட்டில் மூன்று விநாடி: உப்புவெளிக் காரொன்றின் நிகழ்வு ஆய்வு

கடந்த மார்கழியில், மழை சற்று விட்டிருந்த ஒரு பின்னேரம், திருகோணமலைப் பட்டினத்துக்கு வடக்கே கடற்கரையில் உள்ள உப்புவெளியிலிருந்து ஓய்வுபெற்ற ரீச்சர் ஒருவர் தன் காரை என் கராஜுக்குக் கொண்டுவந்தார். ஜப்பான் கார், 1500 சி.சி பெற்றோல் எஞ்சின், நான்கு சிலிண்டர், டைமிங் செயின் (கிராங்க் தண்டின் சுழற்சியை வால்வுகளைத் திறக்கும் காம் தண்டுக்குக் கொண்டுபோகும் சங்கிலி) உள்ள வகை. வயது இருபதைத் தாண்டிவிட்டது. மீற்றரில் 2 இலட்சத்துக்கும் மேல் கிலோமீற்றர் ஓடியிருந்தது. அவர் சொன்ன முறைப்பாடு இவ்வளவுதான்: “தம்பி, விடிய ஸ்டாட் பண்ணேக்க கடகடெண்டு ஒரு சத்தம் வருது. பிறகு ஒண்டுமில்ல.”

என்னிடம் வருமுன் இரண்டு இடங்களில் காட்டியிருக்கிறார். முதல் இடத்தில் எஞ்சினை ஓடவிட்டுக் கேட்டுவிட்டு, டைமிங் செயின் இழுபட்டுவிட்டது, எஞ்சினில் செயினை மூடியிருக்கும் முன்மூடியைக் கழற்றி செயின், அது உரசி ஓடும் கைட், அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் எல்லாவற்றையும் மாற்ற வேண்டும் என்று சொன்னார்கள். அந்தக் கணக்கு ரீச்சரின் சில மாத ஓய்வூதியத்துக்குச் சமம். பயந்துபோய் இன்னொரு இடத்துக்குப் போனார். அங்கே ஸ்டாட்டர் மோட்டரை மாற்றிக் கொடுத்தார்கள். அடுத்த நாள் விடிய அதே கடகட.

இரண்டு இடத்திலும் ஒருவர்கூட அந்தச் சத்தத்தைக் கேட்கவில்லை. உப்புவெளியிலிருந்து பட்டினத்துக்கு வந்து சேர்வதற்குள் எஞ்சின் சூடேறி, ஒயில் மேலே கீழே எல்லாம் ஓடிப் பரவிவிடும். கராஜ் வாசலில் நிறுத்தி எத்தனை முறை ஸ்டாட் பண்ணினாலும் அது அமைதியாகவே ஓடும். நோயாளி வைத்தியரிடம் போனதும் காய்ச்சல் விட்டுவிடுவதைப் போன்ற நிலை. இந்த வகைச் சத்தத்தை அது பிறக்கும் நேரத்தில், பிறக்கும் இடத்தில் போய்க் கேட்காமல் முடிவு சொல்லக்கூடாது. இந்த ஆய்வை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

இன்னொரு காரணமும் உண்டு. 2020 மார்ச்சில் நம் நாட்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனிப்பட்ட பாவனைக்கான கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்ப வழி திறந்தது. அந்த ஐந்து வருடத்தில் இங்கே ஓடிய ஒவ்வொரு பழைய காரும் ஒரு குடும்பத்தின் சொத்தாகிவிட்டது. அப்படிப்பட்ட காரின் எஞ்சினைத் தேவையில்லாமல் பிரிப்பதும் தவறு, தேவையிருக்கும்போது பிரிக்காமல் விடுவதும் தவறு.

வடிவாகக் கேட்ட கேள்விகள்

அன்று நான் பொனட்டைத் திறக்கவில்லை. ரீச்சரை உட்காரவைத்து ஒரு தேநீர் குடிக்கும் நேரம் கதைத்தேன். சத்தம் திறப்பைத் திருப்பிப் பிடித்திருக்கும்போதே வருகிறதா, எஞ்சின் பிடித்த பிறகு வருகிறதா? எத்தனை விநாடி இருக்கிறது? காலையில் மட்டுமா, சந்தைக்குப் போய் அரைமணி நிறுத்திவிட்டுத் திரும்ப எடுக்கும்போதும் வருகிறதா? இரண்டு நாள் ஓடாமல் நின்றால் கூடுகிறதா? மழை நாளில் வேறு மாதிரி இருக்கிறதா?

கடைசிக் கேள்விக்கு அவர் யோசித்தார். “மழைக்கு கீச் எண்டும் கத்தும் தம்பி. அது வேறயா?”

வேறுதான். இன்னும் கொஞ்சம் கதைத்தபோது மூன்றாவது ஒன்றும் வெளியே வந்தது. சில நாட்களில் திறப்பைத் திருப்பினால் எஞ்சின் சோம்பலாக, இழுத்து இழுத்துச் சுற்றுகிறதாம். மூன்று சத்தத்தையும் ரீச்சர் ஒரே சத்தமாக நினைத்திருந்தார். முதல் கராஜில் கடகடவைச் சொல்லியிருக்கிறார், இரண்டாவதில் இழுபறியைச் சொல்லியிருக்கிறார். அதனால்தான் இரண்டு இடத்தில் இரண்டு விதமான முடிவு. அவரவருக்குச் சொல்லப்பட்டதை வைத்து அவரவர் வேலை செய்திருக்கிறார்கள்.

சத்தம் எப்படி இருக்கிறது என்பதைவிட எப்போது தொடங்கி எப்போது நிற்கிறது என்பதே எனக்கு அதிகம் சொல்லும். திறப்பைப் பிடித்திருக்கும் நேரத்தில் மட்டும் வருவது ஸ்டாட்டர், அதன் பற்சில்லு, பற்றரி, கேபிள் சம்பந்தப்பட்டது. எஞ்சின் பிடித்த அந்தக் கணத்தில் ஒரு கிறீச் என்றால் ஸ்டாட்டரின் பல் பின்வாங்காமல் பிளைவீலோடு உரசுகிறது என்று பார்க்கலாம். பிடித்த பிறகு ஒன்று முதல் மூன்று விநாடி வந்து நின்றுவிடுகிறது என்றால், ஒயில் இன்னும் போய்ச் சேராத ஏதோ ஒரு பகுதி உலர்ந்து அடிக்கிறது. ஐந்து, பத்து நிமிடம் டக் டக் என்று வந்து சூடேறியதும் மறைவது பெரும்பாலும் பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் உள்ள தேய்மான இடைவெளி, அல்லது புகைக்குழாய் இணைப்பில் உள்ள கசிவு. உலோகம் சூட்டில் விரிந்ததும் இரண்டும் மூடிக்கொள்ளும்.

அடிவயிற்றில் இருந்து வருவதுபோல ஆழமான டொக் டொக், சூடேறியும் நிற்காமல், அக்சிலரேட்டரை மிதித்தால் கூடவும் செய்தால் அதற்கு ஆய்வு தேவையில்லை. உடனே எஞ்சினை நிறுத்திவிட்டுக் கட்டி இழுத்துக்கொண்டுதான் வர வேண்டும். ஒயில் லைட், அதாவது ஒயில் அழுத்தம் இல்லை என்று எச்சரிக்கும் சிவப்பு விளக்கு, அணையாமல் எரிந்தாலும் அதே கதைதான்.

ரீச்சரின் கடகட மூன்று விநாடி வகை. ஆனால் அதையும் நான் காதால் கேட்க வேண்டும். நான் நிலாவெளிப் பக்கமிருந்து வருவதால் அவர் வீடு எனக்கு வழிதான். “நாளைக்கு விடிய நான் வரும்வரைக்கும் காரை எடுக்காதேங்கோ ரீச்சர்” என்று சொல்லி அனுப்பினேன்.

விடியற்காலை ஐந்தரை

குளிர் ஸ்டாட் என்று நாங்கள் சொல்வதில் உண்மையான குளிர் எதுவும் இல்லை. திருகோணமலையில் மார்கழி விடியற்காலையிலும் வெப்பநிலை 24, 25 பாகைக்குக் கீழே இறங்குவது அரிது. ஆறேழு மணித்தியாலம் எஞ்சின் அசையாமல் நின்றதால் ஒயில் முழுவதும் அடித்தொட்டிக்கு இறங்கிவிட்டது என்பதுதான் இங்கே அதற்குப் பொருள். நம் ஊரில் இந்தச் சத்தத்துக்குக் குளிரைக் குற்றம் சொல்ல இடமில்லை.

வீடு கடற்கரையிலிருந்து இருநூறு மீற்றர்கூட இராது. அலைச்சத்தம் கேட்கிறது, காற்று முகத்தில் பிசுபிசுக்கிறது. ஓலைக் கொட்டில் ஒன்றுக்குள் கார் நின்றது. பொனட்டைத் திறந்து எஞ்சினில் கை வைத்தேன், முழுவதும் ஆறியிருந்தது. ஸ்டாட் பண்ணுமுன் செய்ய வேண்டியதை முதலில் செய்தேன். ஒயில் அளவுகோலை இழுத்துத் துடைத்துத் திரும்பப் பார்த்தால், கீழ்க் கோட்டுக்குச் சற்று மேலே. போதாது, ஆனால் ஆபத்தும் இல்லை. விரலில் எடுத்துப் பார்த்தால் கருப்பாக, தேன் போலத் தடித்திருந்தது. மல்டிமீற்றரை பற்றரியில் வைத்தேன், 12.5 வோல்ட். நல்ல நிலை.

இந்தச் சோதனைக்கு இரண்டு பேர் தேவை. ஒருவர் உள்ளே ஒயில் லைட்டைப் பார்க்க வேண்டும், மற்றவர் வெளியே காது கொடுக்க வேண்டும். ரீச்சர் சாரதி இருக்கையில் அமர்ந்தார். “எஞ்சின் பிடிச்சாப் பிறகு அந்தச் சிவப்பு லைட் எப்ப அணையுதோ அப்ப ‘போச்சு’ எண்டு சொல்லுங்கோ. அக்சிலரேட்டரைத் தொடவேண்டாம்” என்றேன். என் கைபேசியை வீடியோவில் போட்டு, எஞ்சினின் பெல்ட் பக்கம், செயின் மூடிக்கு அருகில் வைத்தேன்.

திறப்பைத் திருப்பினார். எஞ்சின் இழுத்து இழுத்துச் சுற்றி இரண்டு விநாடிக்குப் பிறகுதான் பிடித்தது. பிடித்ததும் கடகடகடவென்று, தகரப் பேணிக்குள் சங்கிலியைப் போட்டு ஆட்டுவதுபோல ஒரு சத்தம், சரியாக செயின் மூடிக்குள்ளிருந்து. உள்ளேயிருந்து ரீச்சர் “போச்சு!” என்றார். அதே கணத்தில் சத்தமும் நின்றது.

வீடியோவை இரண்டு முறை போட்டுப் பார்த்தோம். எஞ்சின் பிடித்ததிலிருந்து லைட் அணையும்வரை கிட்டத்தட்ட 3 விநாடி. சத்தமும் 3 விநாடி. லைட்டும் சத்தமும் ஒன்றாகப் போகின்றன. ஒயில் அழுத்தம் வந்ததும் அமைதி வருகிறது என்றால், அங்கே உள்ள கேள்வி செயின் எவ்வளவு நீண்டிருக்கிறது என்பது மட்டுமல்ல, ஒயில் ஏன் இவ்வளவு தாமதமாக வருகிறது என்பதும்தான். நல்ல எஞ்சினில் ஒரு விநாடியை ஒட்டி அந்த லைட் அணைந்துவிட வேண்டும்.

செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனருக்குள் ஒரு சிறு பிஸ்டன் இருக்கிறது. அதற்குப் பின்னால் ஒயில் அழுத்தம் வந்தால்தான் அது செயின் கைட்டை முழுப்பலத்தோடு தள்ளும். அதுவரை உள்ளே இருக்கும் ஒரு ஸ்பிரிங் மட்டும் தாங்கும். பழைய எஞ்சினில் செயினும் கொஞ்சம் தேய்ந்திருக்கும், கைட்டும் கொஞ்சம் தேய்ந்திருக்கும். ஸ்பிரிங்கின் பலம் மட்டும் போதாமல் செயின் துள்ளும். காற்றை உள்ளே விடும் வால்வுகள் திறக்கும் நேரத்தை மாற்றும் பற்சில்லுக்குள்ளேயும் ஒரு பூட்டு ஊசி உண்டு. ஒயில் வரும்வரை சில்லை ஒரே நிலையில் பிடித்து வைப்பது அதன் வேலை. அந்த ஊசி தேய்ந்தாலும் முதல் விநாடியில் அடிக்கும். ஆகவே ஒயில் தாமதமும் தேய்மானமும் சேர்ந்து உண்டாக்கிய சத்தமாக இது இருக்கலாம். எது எவ்வளவு என்பதைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

ஒரு விஷயத்தை அன்றைக்கே நிறுத்தச் சொன்னேன். சத்தம் கேட்டதும் ரீச்சர் பயந்து அக்சிலரேட்டரை நன்றாக மிதித்துவிடுவாராம், “சூடாகட்டும்” என்று. ஒயில் இல்லாத அந்த மூன்று விநாடியில் எஞ்சினை வேகமாகச் சுற்றவிடுவதுதான் எல்லாவற்றிலும் கெடுதல். செயின் மட்டுமல்ல, கிராங்க் பெயரிங்கும் அந்த நேரத்தில் உலர்ந்துதான் சுற்றுகிறது.

மறுநாள் விடிய இன்னொரு சோதனை. பெற்றோல் பம்பின் ரிலேயைக் கழற்றிவிட்டு, எஞ்சின் பிடிக்காமல் ஸ்டாட்டரால் மட்டும் சுற்ற வைத்தோம். ஆறு விநாடி சுற்றியதும் ஒயில் லைட் அணைந்தது. ஒரு நிமிடம் ஸ்டாட்டரை ஆறவிட்டு, ரிலேயைத் திரும்பப் போட்டு ஸ்டாட் பண்ணினோம். எஞ்சின் பிடித்தது. கடகட இல்லை. ஒரு சின்னத் தட்டுகூட இல்லை. ஒயிலை முன்கூட்டியே ஏற்றிக் கொடுத்தால் செயின் வாய்திறப்பதில்லை. செயின் மோசமாக நீண்டு, டென்ஷனர் அதன் எல்லைவரை வெளியே வந்துவிட்டிருந்தால் ஒயில் இருந்தாலும் அது இப்படி அமைதியாக இராது. ஸ்கானரிலும் பார்த்தேன், கிராங்குக்கும் காம் தண்டுக்கும் உள்ள ஒத்திசைவு கெட்டால் வரும் பி0016 கோட் இல்லை. முன்மூடியைக் கழற்றும் யோசனையை அந்த இடத்தில் ஒத்திவைத்தேன்.

இழுபறிச் சுற்று

பிறகு ஸ்டாட்டர். மோட்டர் புதிதாகப் போட்டது, ஆனாலும் சோம்பல். பற்றரி 12.5 வோல்ட், ஸ்டாட் பண்ணும்போது பற்றரி முனையில் 10.6 வரைதான் இறங்குகிறது. 9.6க்குக் கீழே போனால்தான் பற்றரியில் சந்தேகம். பற்றரி பலமாக இருந்தும் மோட்டர் மெதுவாகச் சுற்றுகிறது என்றால் இடையில் எங்கோ மின்சாரம் தடைப்படுகிறது.

இந்த இடத்தில் பலரும் சிவப்புக் கேபிளைத்தான் பார்ப்பார்கள். நான் முதலில் பற்றரியின் மைனஸை எஞ்சினோடு இணைக்கும் கறுப்பு எர்த் கேபிளைப் பார்ப்பேன், கடற்கரை ஊரில் இருபது வருடமாகப் பழகிய பழக்கம். மல்டிமீற்றரின் ஒரு முனையைப் பற்றரியின் மைனஸ் தூணிலும், மறு முனையை எஞ்சின் உடலின் சுத்தமான உலோகத்திலும் வைத்து ஸ்டாட் பண்ணச் சொன்னேன். 0.3 வோல்ட்டுக்குள் காட்ட வேண்டும். 1.3 காட்டியது. ஸ்டாட்டருக்குப் போக வேண்டிய ஒரு வோல்ட்டுக்கும் மேல் அந்த எர்த் கேபிளிலேயே எரிந்துகொண்டிருந்தது.

வெளியே பார்த்தால் கேபிள் நன்றாகத்தான் இருந்தது. கியர்பெட்டியில் இறுக்கும் முனையில் இருந்த பிளாஸ்டிக் உறையை இரண்டு அங்குலம் கீறிப் பார்த்தேன். உள்ளே செம்பு இழைகள் பச்சைப் பொடியாகியிருந்தன, பாதிக்கு மேல் தொட்டதும் உதிர்ந்தன. உப்புக்காற்று இப்படித்தான் வேலை செய்யும். உறைக்குள் நுனிவழியாக ஈரம் ஏறும், ஏறியது வெளியேறாது. உப்புவெளி, நிலாவெளி, கோணேசர் கோயில் பக்கம் கடலைப் பார்த்த வீடுகள், இங்கெல்லாமிருந்து வரும் கார்களில் நான் இதைத் திரும்பத் திரும்பக் காண்கிறேன். அதே மாதிரிக் காரை கடலுக்குத் தூரமான கந்தளாயிலிருந்து கொண்டுவந்தால் அந்தக் கேபிள் செம்பு நிறம் மாறாமல் இருக்கும்.

புதுக் கேபிள் போட்டு, இறுக்கும் இடத்தை உலோகம் மின்னும்வரை தேய்த்து, மேலே கிறீஸ் பூசினேன். திரும்ப அளந்தால் 0.15. எஞ்சின் தொட்டதும் பிடித்தது. முன்பு கழற்றி எறிந்த ஸ்டாட்டரில் குற்றமிருந்திருக்காது என்றே நினைக்கிறேன். அந்தக் காசு ரீச்சருக்கு வீண்.

ஆனால் அடுத்த நாள் விடிய நடந்தது ரீச்சரைக் கவலைப்படுத்தியது. எஞ்சின் உடனே பிடித்தது, கடகடவோ குறையவில்லை, அரை விநாடி கூடியும் விட்டது. “தம்பி, கூடிப்போச்சு” என்று அவர் முகம் வாடியதை நான் மறக்கவில்லை. காரணம் இருந்தது. முன்பு இரண்டு விநாடி இழுபறியாகச் சுற்றியபோதே பம்ப் கொஞ்சம் ஒயிலை மேலே ஏற்றிவிட்டிருக்கிறது. இப்போது எஞ்சின் ஒரு சுற்றிலேயே பிடிப்பதால் அந்த முன்னேற்பாடு இல்லை. ஒரு பழுது இன்னொரு பழுதைக் கொஞ்சம் மறைத்துக்கொண்டிருந்தது. ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்றியிருந்தால் இது எனக்குத் தெரிந்தே இராது. அதனால்தான் ஒரு நாளைக்கு ஒன்று என்று வைத்துக்கொள்கிறேன். வீட்டுக்காரருக்கு அது பொறுமைச் சோதனை என்பதும் எனக்குத் தெரியும்.

பில்டரைக் கழற்றியபோது

இந்த எஞ்சினில் ஒயில் பில்டர் படுக்கை வாட்டத்தில் பூட்டப்பட்டிருக்கிறது. அப்படிப் பூட்டும் பில்டருக்குள் துளைகளை உள்ளிருந்து மூடும் றப்பர் வளையம் ஒன்று இருக்கும். எஞ்சின் நின்றதும் பில்டரிலுள்ள ஒயில் பம்ப் வழியாகத் தொட்டிக்கு இறங்கிப் போகாமல் தடுப்பது அதுதான். அது வேலை செய்தால் காலையில் பம்ப் சுற்றியதுமே ஒயில் மேலே தள்ளப்படும். வேலை செய்யாவிட்டால் காலியான பில்டரை முதலில் நிரப்பிவிட்டுத்தான் மேலே போக வேண்டும்.

காரை இரவு முழுவதும் கராஜில் நிறுத்திவிட்டு, விடிய ஸ்டாட் பண்ணாமலே பில்டரைக் கழற்றினேன். கீழே பேசினை வைத்துக்கொண்டு காத்திருந்தேன். நல்ல பில்டர் என்றால் கழற்றியதும் கையெல்லாம் ஒயில் வழிந்திருக்கும். இதிலிருந்து இரண்டு தேக்கரண்டி அளவுதான் வந்தது. இரவோடு இரவாகக் காலியாகிவிட்டது.

பில்டரை வெட்டிப் பார்த்தேன். துளைகளை மூட வேண்டிய றப்பர் வளையம் காய்ந்து, விளிம்பு சுருண்டு, விரலால் மடித்தால் வெடித்தது. கறுப்பு நைட்ரைல் றப்பர், அதுவும் மலிவானது. நல்ல பில்டர்களில் பலவற்றில் செம்மஞ்சள் அல்லது சிவப்பு நிறத்தில் சிலிக்கோன் வளையம் இருக்கும், சூட்டில் நெடுநாள் மென்மையாகவே நிற்கும். ரீச்சரிடம் பழைய பெட்டி இருந்தது. பெயர்போன ஒரு பெட்டியைப் பார்த்து அச்சடித்த போலி, எழுத்தின் ஓரங்கள் கலங்கியிருந்தன. கடையில் வாங்கும்போது பில்டரின் வாய்க்குள் சுட்டுவிரலை விட்டு அந்த றப்பரை அழுத்திப் பாருங்கள். மெதுவாக அமுங்கி, விட்டதும் திரும்பி வந்து துளைகளோடு ஒட்ட வேண்டும். அரை நிமிடம் ஆகாத வேலை. இதைச் செய்வதற்கு வாங்குபவர் கூச்சப்பட வேண்டியதில்லை.

வெட்டிய பில்டரின் கடதாசி மடிப்புகளை விரித்து வெயிலில் பிடித்துப் பார்த்தேன். உலோக மினுக்கம் இல்லை. தொட்டி ஒயிலை வெள்ளைத் துணிவழியாக வடித்தேன், செயின் கைட்டின் பிளாஸ்டிக் துண்டுகளும் இல்லை. இந்த இரண்டும் எனக்குப் பெரிய ஆறுதல். கைட் உடைந்து துண்டு துண்டாகத் தொட்டிக்கு வந்திருந்தால் நான் முதல் கராஜ் சொன்னதையே சொல்லியிருப்பேன்.

வடித்த அதே ஒயிலைத் திரும்ப ஊற்றி, குறைந்த அளவை நிரப்பி, பில்டரை மட்டும் மாற்றினேன். அடுத்த விடியலில் லைட் ஒன்றரை விநாடியில் அணைந்தது. சத்தமும் அதே அளவு குறைந்தது. பாதி வெற்றி.

மிச்சப் பாதி ஒயிலில் இருந்தது. ஒயில் மூடியிலும் கைநூலிலும் ஒயிலின் தடிப்பைக் குறிக்கும் எண் 5டபிள்யூ-30 என்று இருக்கிறது. கடைசி சேர்விஸில் ஊற்றியிருந்தது அதைவிடத் தடித்த 20டபிள்யூ-50. “பழைய எஞ்சின், சூடான ஊர், தடித்த ஒயில் நல்லது” என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். நம் பகுதியில் இது பரவலான எண்ணம். ஓடிச் சூடேறிய எஞ்சினை மட்டும் வைத்துப் பார்த்தால் அதில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. காலை ஸ்டாட்டை வைத்துப் பார்த்தால் இல்லை. 40 பாகையில் 5டபிள்யூ-30 ஒயிலின் பாகுத்தன்மை சுமார் 60 சென்டிஸ்டோக்ஸ், 20டபிள்யூ-50 சுமார் 160. இரண்டரை மடங்கு தடிப்பு. நம் விடியற்காலை 25 பாகையில் அந்த இடைவெளி இன்னும் கூடும். செயின் டென்ஷனருக்கும் வால்வு நேரத்தை மாற்றும் பற்சில்லுக்கும் போகும் துவாரங்கள் மிகச் சிறியவை, மெல்லிய ஒயிலுக்கென்று அளந்து துளைத்தவை. தடித்த ஒயில் அங்கே தயங்கித் தயங்கித்தான் போகும்.

5டபிள்யூ-30 ஊற்றினேன். அடுத்த நாள் விடிய ரீச்சர் திறப்பைத் திருப்பினார். நான் வழக்கமான இடத்தில் காதை வைத்துக்கொண்டு நின்றேன். எஞ்சின் பிடித்தது, “போச்சு” என்ற குரல் ஏறக்குறைய அதோடு சேர்ந்தே வந்தது. வீடியோவில் முக்கால் விநாடி. கடகட இல்லை. ரீச்சர் காரைவிட்டு இறங்கி வந்து, தானும் பொனட் பக்கம் நின்று எஞ்சின் ஓடுவதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

கீச்

மழைக்கு வரும் கீச் ஆல்டனேட்டரைச் சுற்றும் பெல்ட்டிலிருந்து வந்தது. அந்த வேலை சுலபம், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மழை ஈரத்தில், ஹெட்லைட்டும் கண்ணாடி வைப்பரும் போட்டபடி ஸ்டாட் பண்ணினால் அரை நிமிடம் கீச்சென்று கத்தும். ஸ்டாட் பண்ணியதும் ஆல்டனேட்டர் பற்றரியை நிரப்பக் கடுமையாக உழைக்கிறது, அந்தப் பாரத்தில் பெல்ட் வழுக்குகிறது. எஞ்சின் ஓடும்போது போத்தல் தண்ணீரைப் பெல்ட்டின் பள்ளப் பக்கத்தில் கொஞ்சம் தெளித்தேன். கைச்சட்டையும் தலைமுடியும் அருகே போகாமல் எட்ட நின்றுதான் தெளிக்க வேண்டும். தண்ணீர் பட்டதும் கீச் கொஞ்ச நேரம் அடங்கித் திரும்ப வந்தால் கப்பிகள் ஒரே நேர்கோட்டில் இல்லை. பட்டதும் கூடினால் பெல்ட் தளர்வு. இது கூடியது. பெல்ட்டைக் கழற்றிப் பார்த்தால் வரிகள் கண்ணாடிபோலப் பளபளத்தன. புதுப் பெல்ட் போட்டு அளவாக இறுக்கினேன். அளவுக்கு மேல் இறுக்கினால் ஆல்டனேட்டர் பெயரிங் போய்விடும்.

சவர்க்காரம் தேய்த்தால் நிற்கும் என்று ரீச்சருக்குப் பக்கத்து வீட்டில் சொல்லியிருக்கிறார்கள். இரண்டு நாள் நிற்கும், பிறகு பெல்ட் இன்னும் வழுக்கும். தயவுசெய்து யாரும் அதைச் செய்யவேண்டாம்.

பெல்ட் சத்தம்போல ஏமாற்றுவது இன்னொன்றும் உண்டு. போன வருடம் கிண்ணியாவிலிருந்து ஒரு வான் வந்தது, ஸ்டாட் பண்ணியதும் டிர்ர்ரென்று உலோகம் அதிரும், சூடேறினால் குறையும். எஞ்சினைப் பிரிக்க நாள் குறித்துவிட்டு வந்திருந்தார்கள். புகைக்குழாய்க்கு மேலே உள்ள வெப்பக் காப்புத் தகட்டின் ஒரு நட் துருப்பிடித்து விழுந்திருந்தது. ஒரு கிளிப் போட்டு இறுக்கினேன், அவ்வளவுதான். இங்கே கடலும் களப்பும் சூழ்ந்த ஊர்களில் அடிப்பக்க நட்டுகள் துருப்பிடிப்பது சாதாரணம், ஆகவே சத்தம் தேடும்போது முதலில் வாகனத்துக்கு அடியில் ஒரு டோர்ச்சோடு படுத்துப் பார்ப்பது வழக்கமாக இருக்கட்டும்.

மிச்சம் இருப்பது

எல்லாம் சரி என்று சொல்லி அனுப்பவில்லை. கார் இரண்டு, மூன்று நாள் ஓடாமல் நின்றால் முதல் ஸ்டாட்டில் ஒரே ஒரு தட்டு, “டக்” என்று, இன்னமும் வருகிறது. அரை விநாடிகூட இல்லை. அந்தப் பூட்டு ஊசி கொஞ்சம் தேய்ந்திருக்க வேண்டும், இருபது வருட எஞ்சினில் எதிர்பார்க்கக்கூடியது. அதற்காக இப்போது முன்மூடியைத் திறக்கத் தேவையில்லை என்பது என் முடிவு. அந்தத் தட்டு ஒரு விநாடியைத் தாண்டினாலோ, சூடான ஸ்டாட்டிலும் வந்தாலோ, எஞ்சின் லைட் எரிந்தாலோ திறக்கத்தான் வேண்டும் என்று ரீச்சரிடம் எழுதியே கொடுத்திருக்கிறேன்.

மாசி கடைசியில், மழை ஓய்ந்து வெயில் ஏறத் தொடங்கிய பிறகு, அவர் வீட்டுக்கு ஒருமுறை விடியப் போனேன். பற்றரி 12.6. எர்த் பக்கம் 0.16. ஒயில் மேல் கோட்டுக்குச் சற்றுக் கீழே, இன்னும் தேன்நிறம். லைட் முக்கால் விநாடியில் அணைந்தது. ரீச்சர் இப்போது யாரும் கேட்காமலே “போச்சு” என்று சொல்கிறார், ஒவ்வொரு நாள் காலையும் எண்ணிப் பார்க்கிறாராம். அடுத்த சேர்விஸ் 5 ஆயிரம் கிலோமீற்றரில். பில்டரை நானே வாங்கி, விரலை விட்டுப் பார்த்து, எடுத்து வைத்திருக்கிறேன்.